கண்ணாடியைக் கழற்றும் லேசர்: ஒருவருக்கு நிம்மதி, இன்னொருவருக்குத் தொல்லை ஏன்?

நாகர்கோவிலில் பொறியியல் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர், மார்த்தாண்டத்துக்கு அப்பால் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகும் ஒரு தொழிலாளி என இருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே மாதத்தில், ஒரே வகை இயந்திரத்தில், கண்ணாடியைக் கழற்றும் லேசர் சிகிச்சையைச் செய்துகொள்கிறார்கள். முதலாமவர் மறுநாள் காலையில் படுக்கையில் கிடந்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்கிறார். இரண்டாமவரோ, மூன்று மாதம் கழிந்த பிறகும் தெருவிளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றும், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் மரத்தின் வெட்டுத் தடம் கலங்கலாகத் தெரிகிறது என்றும் சொல்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் இந்த இரண்டு கதைகளில் எது காதில் விழுகிறதோ அதை வைத்தே பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு கதைகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். வேறுபாட்டின் பெரும்பகுதி அறுவைக்கு முந்தைய பரிசோதனைத் தாள்களிலேயே எழுதப்பட்டிருக்கும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அந்தத் தாள்களைப் படிக்கத் தேவையான அளவுக்கு அடிப்படைகளை முதலில் பார்ப்போம்.

பவர் எங்கே இருக்கிறது?

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிப்பவை இரண்டு. ஒன்று, கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல அமைந்திருக்கும் கருவிழி; மருத்துவர்கள் கார்னியா என்பார்கள். மற்றொன்று, அதற்குப் பின்னால் உள்ள இயற்கை லென்ஸ். கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன் ஏறத்தாழ 60 டையாப்டர்; கண்ணாடியின் ‘பவர்’ அளக்கப்படுவதும் இதே அலகில்தான். அதில் 43 டையாப்டர் அளவுக்குக் கருவிழியே செய்கிறது. எனவே கருவிழியின் வளைவைச் சற்று மாற்றினாலும் பார்வை பெரிதும் மாறும்.

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கண் உருண்டை இயல்பைவிட நீளமாக இருக்கும். இயல்பான நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அது நீளும்போது ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. மைனஸ் பவர் கண்ணாடி அந்தக் குவியத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. லேசர் செய்வதும் இதே வேலைதான். கருவிழியின் நடுப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்கி, கண்ணாடி செய்த வேலையைக் கருவிழியின் மேலேயே செதுக்கிவிடுகிறது. கண் உருண்டையின் நீளம் மட்டும் அப்படியே இருக்கும். இந்த ஒரு செய்தியைக் கட்டுரையின் கடைசிவரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கருவிழியின் நடுப்பகுதித் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதன் மேல்தோல் சுமார் 50 மைக்ரான். அதற்குக் கீழே உள்ள ஸ்ட்ரோமா எனப்படும் நார்ப்பகுதிதான் தடிமனில் பெரும்பங்கு. மேல்தோல் சிராய்த்தால் சில நாள்களில் வளர்ந்துவிடும். ஸ்ட்ரோமாவில் எடுத்தது எடுத்ததுதான், அது திரும்ப வளராது.

வான்கோழி எலும்பிலிருந்து கருவிழி வரை

இதில் பயன்படும் எக்ஸைமர் லேசரின் அலைநீளம் 193 நானோமீட்டர். உயிர்த்திசுவின் மீது இது என்ன செய்யும் என்பதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், 1929இல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் கொண்டுவந்து அதன் மேல் இந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். வெட்டு விழுந்தது, ஓரங்கள் கருகவில்லை. லேசர் ஆற்றல் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைத்து, அந்தச் சிறு படலத்தை அப்படியே வெளியே தெறிக்கச் செய்கிறது. பக்கத்துத் திசுவுக்கு வெப்பம் பரவ நேரமே இருப்பதில்லை. ஒரு துடிப்பில் கழிவது சுமார் கால் மைக்ரான். இந்தத் துல்லியம்தான் கருவிழியைச் செதுக்கலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது. 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோகலுடன் சேர்ந்து கருவிழி மீதான ஆய்வு வெளிவந்தது.

இன்று நடைமுறையில் உள்ள முறைகள் முக்கியமாக மூன்று.

1. பிஆர்கே: மேல்தோலை நீக்கிவிட்டு, அடியில் உள்ள பரப்பை நேரடியாகச் செதுக்குவது. மேல்தோல் மீண்டும் வளரும்வரை மூன்று, நான்கு நாள்கள் நல்ல வலி இருக்கும்; பார்வை தெளிய வாரங்கள் ஆகும். ஆனால் கருவிழியில் மடல் (திறந்து மூடும் மெல்லிய அடுக்கு) வெட்டுவது கிடையாது.

2. லேசிக்: 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் ஒரு வட்ட மடலை வெட்டி, புத்தக அட்டையைப் போல ஒருபுறம் திருப்பி வைத்து, அடியில் செதுக்கிய பின் மடலை மூடிவிடுவது. மடலை முன்பு நுண்கத்தியால் வெட்டினார்கள். இப்போது பெரும்பாலும் ஃபெம்டோசெகண்ட் லேசரால் வெட்டுகிறார்கள்.

3. ஸ்மைல்: மடல் திறக்காமல், கருவிழிக்குள்ளேயே லென்ஸ் வடிவத்தில் ஒரு மெல்லிய துண்டை லேசரால் பிரித்து, சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறு கீறல் வழியாக அதை உருவி எடுப்பது.

விளம்பரப் பலகைகளில் இவற்றுக்கு வேறு வேறு அழகான பெயர்கள் இருக்கும். பெயர் எதுவானாலும் மேற்சொன்ன மூன்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மேசையில் அந்தப் பத்து நிமிடம்

லேசிக் செய்துகொண்டவர்கள் சொல்லும் விவரங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஊசி கிடையாது, மரத்துப்போவதற்கான சொட்டு மருந்துதான். இமைகள் மூடாதபடி ஒரு கம்பிக் கவ்வி பொருத்தப்படும். பிறகு ஓர் உறிஞ்சு வளையம் கண்ணின் மேல் அழுந்தும்போது, எதிரே தெரிந்துகொண்டிருந்த ஒளிப்புள்ளி மங்கி, சில நொடிகளுக்குப் பார்வை இருட்டிவிடும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி பதறிப்போவார். மடல் திரும்பியதும் எல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பது போலத் தெரியும். லேசர் டக்டக்கென்று வேகமாகத் தட்டும். முடி கருகுவது போன்ற ஒரு வாடை வரும். எதுவும் எரியவில்லை, வெளியேறும் திசுத் துகளின் வாடைதான் அது. மடலை மூடி ஈரத் தூரிகையால் நீவிவிட்டு எழுப்பிவிடுகிறார்கள். அடுத்த நான்கைந்து மணி நேரத்துக்கு வெங்காயம் நறுக்கிய கண் போல எரிச்சலும் நீரும் இருக்கும்.

மேசையில் நிகழும் பிழைகள் இல்லாமல் இல்லை. மடல் சரியாக வெட்டப்படாமல் போகலாம், மடலில் சுருக்கம் விழலாம், அடியில் அழற்சியோ அரிதாகத் தொற்றோ வரலாம். இவற்றில் பெரும்பாலானவை உடனே கண்ணில் படும், உடனே சரிசெய்யவும் முயல்வார்கள். நீண்டகாலத் துயரத்துக்கு வழிவகுப்பவை பெரும்பாலும் இவை அல்ல.

மைக்ரான் கணக்கு

எவ்வளவு திசு கழியும் என்பதற்கு மன்னர்லின் சூத்திரம் என்ற எளிய கணக்கு உண்டு. பவரை, லேசர் செதுக்கும் வட்டத்தின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மூன்றால் வகுக்க வேண்டும். பவர் டையாப்டரிலும் விட்டம் மில்லிமீட்டரிலும் இருந்தால் விடை மைக்ரானில் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு டையாப்டருக்கு 12 மைக்ரான். இது குறைந்தபட்சக் கணக்கு. விளிம்பை நயமாகச் சரிவாக்க வேண்டியிருப்பதால் இயந்திரங்கள் நடைமுறையில் இதைவிடச் சற்று அதிகமாகவே எடுக்கின்றன.

இப்போது நம் இருவருக்கும் எண்களைக் கொடுப்போம்.

1. பொறியாளரின் கருவிழி 550 மைக்ரான், பவர் மைனஸ் 6. மடலுக்கு 110, செதுக்கலுக்கு 72, ஆக 182 மைக்ரான். மடலுக்குக் கீழே மிஞ்சுவது 368. தொட்ட பகுதி மொத்தத் தடிமனில் 33 விழுக்காடு.

2. பால்வெட்டுத் தொழிலாளியின் கருவிழி 490 மைக்ரான், பவர் மைனஸ் 8. மடலுக்கு 110, செதுக்கலுக்கு 96, ஆக 206. மிஞ்சுவது 284. தொட்ட பகுதி 42 விழுக்காடு.

மடலுக்குக் கீழே குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் எல்லை. எச்சரிக்கையான மருத்துவர்கள் 280, 300 என்று வைத்துக்கொள்கிறார்கள். தொட்ட பகுதி 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பின்னர் வந்த இன்னொரு அளவுகோல். இரண்டாமவர் 250 மைக்ரான் என்ற முதல் அளவுகோலில் தேறிவிடுகிறார், இரண்டாவதில் தவறுகிறார். ‘உங்களுக்குச் செய்யலாம்’ என்று ஓரிடத்திலும் ‘வேண்டாம்’ என்று இன்னோரிடத்திலும் சொல்லப்படுவதற்கு ஏமாற்று மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட இடைநிலைக் கண்களில் மருத்துவர்களிடையே உண்மையாகவே கருத்து வேறுபாடு எழும். என் கணிப்பில், அப்படிப்பட்ட கண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லுமிடத்தையே நம்புவது நல்லது.

எல்லை மீறினால் என்ன ஆகும்? கண்ணுக்குள் உள்ள நீரழுத்தம் கருவிழியை எந்நேரமும் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. குளத்தங்கரையில் மண் எடுத்து மெலிந்துபோன இடம் முதலில் ஒன்றும் தெரியாமல் நின்றுவிட்டு, தண்ணீர் நிற்க நிற்க அந்த இடத்தில் பிதுங்குமல்லவா? அதுபோல மெலிந்த கருவிழி, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, மெல்ல முன்னோக்கிப் புடைக்கத் தொடங்கும். இதற்கு எக்டேசியா என்று பெயர். லேசிக்குக்குப் பின் இது நேர்வதை ஜெர்மானிய மருத்துவர் தியோ சைலர் 1998இல் பதிவு செய்தார். இது அரிது, ஆனால் வந்தால் கண்ணாடியாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாத, நிழல் விழுந்தாற்போன்ற பார்வை மிஞ்சும். ரைபோஃபிளேவின் சொட்டும் புறஊதாக் கதிரும் கொண்டு நார்களை இறுக்கும் சிகிச்சையால் அதை மேலும் முற்றவிடாமல் நிறுத்த முயல்வார்கள். போன வடிவம் முழுதாகத் திரும்பாது. சிலருக்குக் கெட்டியான சிறப்புக் காண்டாக்ட் லென்ஸும், முற்றியவர்களுக்குக் கருவிழி மாற்றும் தேவைப்படும்.

தடிமன் போதுமானதாக இருந்தும் எக்டேசியா வந்தவர்கள் உண்டு. கெரட்டோகோனஸ் என்னும் கூம்புக் கருவிழி நோய் தொடக்க நிலையில் அறிகுறி காட்டாமல் இருப்பதே அதற்கு முக்கியக் காரணம். ஒவ்வாமையால் சிறு வயதிலிருந்தே கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. அதனால்தான் கருவிழியின் முன்பக்க, பின்பக்க வடிவங்களை வண்ண வரைபடமாகக் காட்டும் டோபோகிராஃபி பரிசோதனை கட்டாயம் என்கிறோம். அந்தத் தாளில் நீலமும் பச்சையும் குளிர்ந்த, தட்டையான பகுதிகள். ஆரஞ்சும் சிவப்பும் செங்குத்தான பகுதிகள். கருவிழியின் கீழ்ப்பாதியில் மட்டும் ஒரு சிவப்புத் திட்டு ஒதுங்கிக் கிடந்தால் மருத்துவர் அங்கே விரலை வைத்து நிற்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்கள் பரிசோதனைக்கு முன் சில நாள்கள் முதல் சில வாரங்கள்வரை அதைக் கழற்றி வைக்கச் சொல்வதும் இதற்காகவே. லென்ஸ் அழுத்திய கருவிழி பொய்யான வடிவத்தைக் காட்டும்.

இரவு வெளிச்சம் ஏன் சிதறுகிறது?

மேற்கண்ட சூத்திரத்தில் திசுவை மிச்சப்படுத்த ஒரு குறுக்கு வழி இருக்கிறது: வட்டத்தைச் சிறிதாக்குவது. நம் தொழிலாளிக்கு 6 மில்லிமீட்டருக்குப் பதிலாக 5 மில்லிமீட்டர் வட்டம் வைத்தால், 96 மைக்ரான் வேண்டிய இடத்தில் 67 மைக்ரான் போதும். மொத்தக் கணக்கு 36 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். தாளில் எல்லாம் பாதுகாப்பாகத் தெரியும்.

ஆனால் இருட்டில் இளவயதினரின் கண்பாவை 6, 7 மில்லிமீட்டர்வரை விரியும். செதுக்கிய வட்டத்துக்கு வெளியே உள்ள, திருத்தப்படாத வளையத்தின் வழியாகவும் அப்போது ஒளி உள்ளே வரும். அது வேறோர் இடத்தில் குவிவதால் விளக்கைச் சுற்றி வட்டமும் கீற்றும் தோன்றுகின்றன. பகலில் கண்பாவை சுருங்கியிருப்பதால் இதே கண் மருத்துவமனையின் எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிடும். ‘எனக்கு ஆறுக்கு ஆறு பார்வை இருக்கிறது என்கிறார்கள், ஆனால் ராத்திரி வண்டி ஓட்ட முடியவில்லை’ என்ற புலம்பலுக்குப் பொருள் இதுதான். கண்பாவை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதிக பவர், நுண்ணிய வடிவப் பிழைகள், வறட்சி ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். இருந்தாலும், அதிகாலை மூன்று மணிக்குத் தோட்டத்துக்குப் போகிறவரும், குளச்சலிலிருந்து இரவு வள்ளத்தில் போகிறவரும், களியக்காவிளைச் சாலையில் எதிர்வரும் லாரி விளக்குகளுக்கு நடுவே வண்டி ஓட்டுகிறவரும், தங்கள் வேலை நேரத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கண் வறட்சி

கருவிழியில் உள்ள நுண்நரம்புகள்தான் ‘காய்கிறது’ என்று மூளைக்குச் சொல்லிக் கண்ணீரைச் சுரக்கவும் இமைக்கவும் வைக்கின்றன. மடல் வெட்டும்போது அவற்றில் பெரும்பாலானவை அறுபடுகின்றன. மீண்டும் வளர்ந்து சீராக ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை ஆகலாம். அதுவரை உறுத்தலும், காலையில் இமை ஒட்டிக்கொள்வதும், மாலையில் பார்வை மங்கித் தெளிவதும் பலருக்கு இருக்கும். பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்துடன் குறைந்துவிடுகிறது. மிகச் சிலருக்கு நரம்பே தவறாக வளர்ந்து, பார்க்கும் மருத்துவருக்கு ஒன்றும் தென்படாத கண்ணில் தீராத வலி நின்றுவிடுகிறது. இவர்களுடைய அனுபவத்தை ‘மனப்பிரமை’ என்று ஒதுக்கிய காலம் உண்டு, அது தவறு.

முன்பே வறண்ட கண் உள்ளவருக்கு இது கூடுதலாகும். அறுவைக்கு முன் கீழிமையில் ஒரு மடித்த காகிதப் பட்டையை ஐந்து நிமிடம் மாட்டிவைத்து, எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் நல்ல வறட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்றில் இருசக்கர வண்டியில் வேலைக்குப் போய்வருகிறவருக்கு, காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று கண்ணீர்ப் படலத்தையும் உலர்த்தும். அந்த மாதங்களை விட்டு நாள் குறிப்பதும், முகம் மூடும் தலைக்கவசமும் சிறு செய்திகள்தான். ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்று லேசிக் பற்றி நடத்திய, ‘ப்ரௌல்’ என்ற பெயர் கொண்ட இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் பலரையும் குழப்பியிருக்கின்றன. அவற்றில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தங்கள் பார்வை குறித்து நிறைவு தெரிவித்தார்கள். அதே ஆய்வுகளில், அறுவைக்கு முன் ஒளிவட்டம், கூச்சம் போன்ற எந்தத் தொந்தரவும் இல்லாதிருந்தவர்களில் 46 விழுக்காடு வரையானோர், மூன்றாம் மாதத்தில் ஏதேனும் ஒரு புதிய தொந்தரவைச் சொன்னார்கள். அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்குச் சிரமப்பட்டவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே.

இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. தொந்தரவு வருவது வேறு, அது வாழ்க்கையை முடக்குவது வேறு. விளம்பரம் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது, எதிர்ப்பவர்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 2022 ஜூலையில் அதே நிர்வாகம், நோயாளிக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டிய அபாயங்களை விரிவாகப் பட்டியலிட்டு ஒரு வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது. சிகிச்சையைத் தடைசெய்ததாக அப்போது பரவிய செய்தி சரியல்ல.

வேலையும் விதியும்

அரசு வேலைக்குக் காத்திருப்பவர்கள் நிறைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ரயில்வே உதவி லோகோ பைலட் பணிக்கான அறிவிப்புகளில், லேசிக் உள்ளிட்ட பார்வைத் திருத்த அறுவை செய்தவர்கள் தகுதியற்றவர்கள் என்று எழுதப்பட்டுள்ளது. கண்ணாடி இல்லாமல் எழுத்துப் பலகையைப் படிக்க வேண்டும் என்பதற்காக அறுவை செய்துகொண்டு, அந்த அறுவையாலேயே வாய்ப்பை இழப்பது கொடுமை. ராணுவத்திலும் விமானப்படையிலும் சில பிரிவுகளில் இதை ஏற்கிறார்கள். ஆனால் 20 வயதுக்குப் பிறகு செய்திருக்க வேண்டும், ஓராண்டு கழிந்திருக்க வேண்டும், கருவிழித் தடிமன் இவ்வளவு, கண்ணின் நீளம் இவ்வளவு என்ற நிபந்தனைகள் உண்டு. பிரிவுக்குப் பிரிவு மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்த பிறகே நாள் குறிக்க வேண்டும்.

லேசிக் மடலின் ஓரம்தான் நன்றாக ஒட்டுகிறது. நடுவே அது ஆண்டுகள் கழித்தும் முழு வலிமையோடு பிணைவதில்லை. கண்ணில் பலமாக அடிபட்டால் மடல் விலகக்கூடும். விசைப்படகில் வடம் இழுப்பவர், கபடி ஆடுபவர் போன்றோருக்கு மடல் இல்லாத முறைகளையே மருத்துவர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பது இதனால்தான். கருவிழி மெல்லியதாகவும் பவர் அதிகமாகவும் உள்ள நம் பால்வெட்டுத் தொழிலாளிக்கு, கருவிழியைத் தொடாமல் கண்ணுக்குள் கூடுதல் லென்ஸ் வைக்கும் முறையும் உண்டு. செலவும் அதற்கே உரிய அபாயங்களும் அதில் இருக்கின்றன. கண்ணாடியோடு இருப்பதும் ஒரு தேர்வுதான்.

லேசர் மாற்றாதவை

1. விழித்திரை. கண்ணாடி போய்விட்டாலும் நீண்ட கண் நீண்ட கண்ணே. அதிக மைனஸ் பவர்காரர்களுக்கு விழித்திரை மெலிவதும் கிழிவதும் பிரிவதும் மற்றவர்களைவிடக் கூடுதலாக நேரும். லேசர் அதைக் குறைப்பதில்லை. பார்வையில் திடீரென மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கொத்தாக மிதந்தாலோ, திரை இறங்கினாலோ அன்றே காட்ட வேண்டும்.

2. வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியதும் இயற்கை லென்ஸ் இறுகுவதால் வாசிப்புக் கண்ணாடி தேவைப்படும். லேசர் கெட்டுப்போனதாக அதை நினைக்க வேண்டாம்.

3. கண் அழுத்த அளவு. மெலிந்த கருவிழியில் கருவி உண்மையைவிடக் குறைவான அழுத்தத்தைக் காட்டும். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் லேசர் செய்திருப்பதைச் சொல்லாவிட்டால் நோய் கண்ணில் படாமல் போகலாம்.

4. கண்புரை. அறுபது வயதில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, எந்தப் பவர் லென்ஸ் என்பதைக் கருவிழியின் வளைவை அளந்துதான் முடிவு செய்கிறார்கள். லேசரால் கருவிழியின் முன்பக்கம் மட்டும் மாறியிருப்பதால் வழக்கமான கணக்கு தவறும். லென்ஸ் வைத்த பின் தூரப்பார்வைப் பிழை எஞ்சலாம். லேசருக்கு முன் இருந்த வளைவும் பவரும் எழுதிய தாள் கையில் இருந்தால் அந்தப் பிழையைப் பெருமளவு தவிர்க்கலாம்.

திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்கள் சொட்டு மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிவருகிறார்கள். வண்ண வரைபடம், தடிமன் அளவு, முந்தைய பவர், செதுக்கிய ஆழம், வட்டத்தின் விட்டம் ஆகிய ஐந்தும் உள்ள தாள்களின் நகலைக் கேட்டு வாங்கி, ஆதார் அட்டையும் பத்திரமும் இருக்கும் அதே உறையில் வைத்துவிட வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்து அந்த மருத்துவமனை பழைய கோப்பைத் தேடித் தரும் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது.